மிசிசிப்பிக்கு நிறுத்தப்பட்ட பணம்

2020 ஜூன் மாதம் அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்த பலருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மின்னஞ்சல் வந்திருக்கும். மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றார். நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் எங்கள் மேலிடத்திலிருந்தும் கடிதம் வந்தது. இனநீதிக்காக நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் கம்பெனியும் ஒரு டாலர் போடும் என்றார்கள். கூடவே, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல்.

நான் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஒரு புறநகரில். பட்டியலில் அட்லாண்டாவின் சின்னக் குழு ஒன்றுகூட இல்லை. எல்லாமே டிவியில் பெயர் வரும் பெரிய அமைப்புகள். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, காகிதம்தான் காரணம். கம்பெனி பணம் போட வேண்டுமானால், வாங்கும் அமைப்புக்கு 501சி3 என்று இங்கே சொல்லும் வரிவிலக்குத் தகுதி இருக்க வேண்டும். வாடகை கட்டாதவர்களை வீட்டைவிட்டுத் துரத்தும்போது வாசலில் போய் நிற்கிறவர்களும், ஜாமீன் கட்ட வழியில்லாமல் சிறையில் கிடப்பவர்களுக்காகப் பணம் திரட்டுகிறவர்களும் பல ஊர்களில் ஐந்தாறு பேர்தான். பகலில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். ஆடிட்டர் வைத்து வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்ய அவர்களால் முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கூட்டு நிதி என்ற ஏற்பாடு. பல அறக்கட்டளைகள் தங்கள் பணத்தை ஒரே இடத்தில் போடும். நடுவில் இருக்கும் ஓர் அமைப்பு அதை வாங்கிச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பத்து அறக்கட்டளைக்குப் பத்து விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. வரிவிலக்கு இல்லாத குழுவென்றால், அந்தத் தகுதி உள்ள வேறோர் அமைப்பின் பெயரில் பணம் வரும். 2016இல் ஃபோர்டு அறக்கட்டளை, கறுப்பின மக்களே தலைமை தாங்கும் இயக்கங்களுக்காக 10 கோடி டாலர் திரட்டும் முயற்சியில் சேர்வதாக அறிவித்தது. அந்தப் பணத்தைக் கையாளும் பொறுப்பு போரியாலிஸ் ஃபிலாந்த்ரபி என்ற இடைநிலை அமைப்பிடம் இருந்தது. இதைப் புதிய யோசனை என்று பலர் எழுதினார்கள். புதிதெல்லாம் இல்லை. இதே அட்லாண்டாவில் 1962இலேயே நடந்திருக்கிறது. அதில் என்ன ஆனது என்று தெரிந்தால், இன்றைய கூட்டு நிதிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1961 மே மாதம், பஸ்களில் இருந்த இனப்பிரிவினையை எதிர்த்துக் கறுப்பர்களும் வெள்ளையர்களுமாகச் சேர்ந்து தெற்கு மாநிலங்களுக்குள் பஸ்ஸில் போனார்கள். அலபாமாவின் அனிஸ்டன் அருகே ஒரு பஸ்ஸைக் கும்பல் கொளுத்தியது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. கென்னடி அரசுக்குப் பெரிய தலைவலி. அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடி மாணவர்களைக் கூப்பிட்டு, பஸ் பயணம், கடைகளில் உட்கார்ந்து மறியல் இதையெல்லாம் விட்டுவிட்டு வாக்காளர் பதிவில் இறங்கச் சொன்னார். அதற்கு அறக்கட்டளைகளின் பணம் கிடைக்கும் என்றும் தெரிய வந்தது. நியூயார்க்கின் டாகோனிக் அறக்கட்டளை இதில் முன்னால் நின்றது. அதன் தலைவர் ஸ்டீஃபன் கரியர், பெரும் பணக்கார மெலன் குடும்பத்துப் பெண்ணைக் கட்டியவர். ஃபீல்டு அறக்கட்டளையும் ஸ்டெர்ன் குடும்ப நிதியும் சேர்ந்துகொண்டன. பணம் அட்லாண்டாவில் இருந்த சதர்ன் ரீஜனல் கவுன்சிலுக்கு வந்து, அங்கிருந்து ஐந்து பெரிய சிவில் உரிமை அமைப்புகளுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் பிரிந்து போகும். இதுதான் வாக்காளர் கல்வித் திட்டம். 1962 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

மாணவர்கள் ஏமாளிகள் இல்லை. எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பு (எல்லோரும் 'ஸ்னிக்' என்றே கூப்பிட்டார்கள்) 1961 ஆகஸ்டில் டென்னசியில் ஹைலேண்டர் பள்ளியில் கூடியபோது இதை வைத்துப் பிளவுபடும் நிலைக்கே போய்விட்டது. எங்களைத் தெருவிலிருந்து வீட்டுக்கு அனுப்பத்தான் இந்தப் பணம் என்று ஒரு தரப்பு. வாக்கில்லாமல் எதுவும் மாறாது என்று மறு தரப்பு. மாணவர்களுக்கு வழிகாட்டிய எலா பேக்கர் என்ற பெண்மணி சமாதானம் செய்துவைத்தார்: இரண்டு பிரிவாக இருங்கள், ஒன்று மறியலுக்கு, ஒன்று வாக்காளர் பதிவுக்கு. அந்த அம்மாவுக்கு அப்போது 57 வயது. இந்தப் பிள்ளைகளைவிட ஊர் உலகம் அதிகம் பார்த்தவர். மிசிசிப்பிக்குப் போனதும் அந்த இரண்டு பிரிவும் ஒன்றாகிப் போயின. அங்கே ஒரு கறுப்பர் கோர்ட் கட்டடத்துக்குள் போய் வாக்காளர் படிவத்தைக் கேட்பதே மறியலைவிடப் பெரிய கலகம்.

எப்படி என்றால், படிவத்தில் 21 கேள்விகள். மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் பதிவாளர் எதைக் காட்டுகிறாரோ அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் சரியா தவறா என்பது அவர் இஷ்டம். 1962இல் இன்னொரு சட்டம் போட்டார்கள்: விண்ணப்பித்தவர்களின் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளிவர வேண்டும். முதலாளியும் வங்கிக்காரரும் வீட்டுக்காரரும் படித்துத் தெரிந்துகொள்ளத்தான், வேறெதற்கு. லெஃப்ளோர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிரீன்வுட் ஊரில் ஸ்னிக் வேலையை ஆரம்பித்த சில மாதங்களில், மத்திய அரசின் உபரி உணவுப் பொருள் விநியோகத்தைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்திவிட்டது. பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் அந்த மாவையும் அரிசியையும் நம்பி இருந்தவர்கள் சுமார் 22,000 பேர். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி விமானம் அமர்த்தி உணவு கொண்டுவந்து இறக்கினார்.

1963 பிப்ரவரி 28 இரவு, கிரீன்வுட்டிலிருந்து கிளம்பிய ஒரு காரைத் துரத்தி வந்து சரமாரியாகச் சுட்டார்கள். வண்டியை ஓட்டிய ஜிம்மி டிராவிஸுக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது, பிழைத்துக்கொண்டார். கூட இருந்தவர்களில் ஒருவர் ஸ்னிக்கின் பாப் மோசஸ். இன்னொருவர் ராண்டால்ஃப் பிளாக்வெல், நிதி கொடுக்கும் அந்தத் திட்டத்தின் சொந்தக் கள இயக்குநர். பணம் கொடுத்த பக்கத்து ஆளும் அதே காரில்தான் குனிந்து தப்பினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அட்லாண்டா அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் களம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நன்றாகவே தெரியும். திட்டத்தின் இயக்குநர் வைலி பிரான்டன் ஆர்கன்சாவைச் சேர்ந்த கறுப்பின வழக்கறிஞர். லிட்டில் ராக்கில் வெள்ளையர் பள்ளியில் சேரப் போன ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளுக்காக வாதாடியவர்.

அதே பிரான்டன்தான் 1963 நவம்பரில் மிசிசிப்பிக்குக் கடிதம் எழுதினார்: இனி உங்களுக்குப் பணம் இல்லை.

காரணம் எளிமையானது. கணக்குப்புத்தகத்தில் ஒரு பக்கம் செலவழித்த டாலர், மறுபக்கம் புதிதாகப் பதிவான வாக்காளர். ஜார்ஜியாவிலும் டெக்சஸிலும் டென்னசியிலும் இந்தக் கணக்கு நன்றாக வந்தது. இரண்டரை வருடத்தில் 9 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான பணத்தில், தெற்கு முழுவதும் கிட்டத்தட்ட 7 லட்சம் கறுப்பின வாக்காளர்கள் புதிதாகப் பதிவானார்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய காரியம் செய்த நிதி எனக்குத் தெரிந்து வேறில்லை. மிசிசிப்பியில் மட்டும் நிறையப் பணம் போட்டும் பதிவானவர்கள் 4,000 பேர்கூட இல்லை. மத்திய அரசு களப்பணியாளர்களுக்குப் பாதுகாப்புத் தராதவரை இது இப்படித்தான் இருக்கும் என்றார் பிரான்டன். இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அந்த மாதம் மிசிசிப்பி இயக்கத்தார் ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். உண்மைத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்களுக்குத் தேவாலயங்களிலும் சலூன்களிலும் பெட்டி வைத்தார்கள். கவர்னர் வேட்பாளர் ஏரன் ஹென்றி, மருந்துக்கடைக்காரர். சுமார் 80,000 பேர் வாக்குப் போட்டார்கள். அறக்கட்டளைகளின் கண்ணில் இது அரசியல். வரிவிலக்குப் பணத்தில் கட்சி அரசியல் வாடைகூட வரக்கூடாது.

பிரான்டன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் இருந்தது கொஞ்சப் பணம். அதே டாலருக்கு டெக்சஸில் பல மடங்கு பேர் பதிவாகிறார்கள் என்றால், நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கை நடுங்கும். கோபம் அந்தக் கணக்குப்புத்தகத்தின் மேல்தான். பதிவானவர்களை எண்ணும் பத்தி அதில் இருந்தது. பதிவுக்கு வரிசையில் நின்று, விரட்டப்பட்டு, வேலை போய், அப்படியும் மறுபடி வந்தவரை எண்ணும் பத்தி இல்லை. 1964 கோடையில் வெளியூர் மாணவர்களும் வந்து சேர்ந்து வேலை செய்தபோது, மிசிசிப்பியில் சுமார் 17,000 கறுப்பர்கள் பதிவு செய்ய முயன்றார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,600. அறக்கட்டளைக் கணக்கில் இது படுதோல்வி. ஆனால் மறுக்கப்பட்டவர்களின் அந்த மலை போன்ற எண்ணிக்கைதான், உள்ளூர்ப் பதிவாளரை நம்பிப் பயனில்லை என்பதற்கு நாட்டின் முன் நின்ற சாட்சி. மறு வருடம் ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1964இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதில் இருந்த கறுப்பர்களில் பதிவானவர்கள் 100க்கு 7 பேர்கூட இல்லை. 1967இல் 60 பேர்.

(நம்மவர்கள் கூடும் இடங்களில் "இது அவங்க பிரச்சினை, நமக்கு எதுக்கு" என்று யாராவது சொல்லும்போது எனக்கு ஒரு தேதி ஞாபகம் வரும். வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6. அதே வருடம் அக்டோபர் 3இல், நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம். அதே காங்கிரஸ், அதே ஜனாதிபதி, அதே போராட்டத்தின் சூடு. இந்தச் சட்டம் வராமல் போயிருந்தால் ஜார்ஜியாவில் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் அளவுக்கு நாம் இருந்திருக்க மாட்டோம்.)

ஊரில் சீட்டுப் பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போடுகிறவரும் எடுக்கிறவரும் அதே இருபது பேர். அதனால் விதியில் சண்டை வந்தாலும் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. கூட்டு நிதியில் போடுகிறவர் வேறு, எடுக்கிறவர் வேறு. எது பலன், எது நஷ்டம் என்று சொல்லும் உரிமை, யாரும் கேட்காமலே போடுகிறவர் கைக்குப் போய்விடுகிறது.

டாகோனிக் அறக்கட்டளையின் கரியர் இன்னொரு கூட்டு நிதியும் நடத்தினார். 1963 ஜூன் 12 அன்று மிசிசிப்பியில் சிவில் உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரே வாரத்தில் நியூயார்க்கின் கார்லைல் ஹோட்டலில் பணக்காரர்களுக்கும் அறக்கட்டளைத் தலைவர்களுக்கும் காலை விருந்து. சுமார் 8 லட்சம் டாலருக்கு வாக்குக் கொடுத்தார்கள். பெரிய இயக்கங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு குழு அதைப் பங்கு போட்டுக்கொண்டது. பங்கு எப்படி? ஏற்கெனவே யாருக்குப் பெரிய பட்ஜெட் இருக்கிறதோ அவருக்குப் பெரிய பங்கு. சிறையில் அதிகம் கிடந்த, சாப்பாட்டுக்கே திண்டாடிய ஸ்னிக்குக்குக் கிடைத்தது மிகச் சிறியது. வெள்ளைக்காரப் பணம் தலைவர்களை வாங்கிவிட்டது என்று அந்த நவம்பரில் டெட்ராய்ட்டில் மால்கம் எக்ஸ் நையாண்டி செய்து பேசினார். வாங்கிவிட்டார்கள் என்பது அதிகப்படி என்றுதான் எனக்குப் படுகிறது. எல்லாரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மேசை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1967 ஜனவரியில் கரியரும் மனைவியும் கரீபியன் கடலுக்கு மேலே சென்ற சிறு விமானத்தோடு காணாமல் போனார்கள். அந்தக் குழுவும் அதோடு முடிந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு நிதி அதற்கு ஏழெட்டு வருடம் முன்பே இருந்தது, ஒரு சமையலறையில். அலபாமாவின் மான்ட்கோமரியில், இனப்பிரிவினையை எதிர்த்துக் கறுப்பர்கள் பஸ்களைப் புறக்கணித்த 381 நாளும் ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, ஆறு பிள்ளைகளுக்குத் தாய், தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கோழி சான்ட்விச்சும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பண்டமும் கேக்கும் செய்து விற்றார். வாரம் 125, நல்ல வாரத்தில் 200 டாலர். அதைக் கூட்டத்தில் கொண்டுபோய்த் தட்டில் போடுவார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை. அதனால் அந்தக் குழுவுக்குப் பெயரே 'கிளப் ஃப்ரம் நோவேர்'. செய்தவர்கள் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள். வாங்கித் தின்றவர்களில் வெள்ளையரும் உண்டு. யார் செய்தார், யார் கொடுத்தார் என்ற விவரம் கில்மோரின் தலைக்குள் மட்டும். புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னதற்காக அவர் வேலை பார்த்த உணவகம் அவரை நீக்கியது. அப்புறம் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

பட்டியலை எழுதி வைக்காதது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது அதே 1956இல் தெரிந்தது. கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று அலபாமா மாநிலம் கோர்ட்டுக்குப் போனது. கொடுக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1958இல். அதுவரை அந்த அமைப்பால் அலபாமாவில் இயங்கவே முடியவில்லை, அதற்குப் பிறகும் 1964 வரை வழக்கு இழுத்தது.

கில்மோரின் கதையைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, சொந்தப் பணமே சுத்தம் என்று முடித்துவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மான்ட்கோமரி இயக்கத்துக்கு மொத்தம் வந்தது கிட்டத்தட்ட 2.5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தது. கேக் விற்ற காசு வாரத்தை ஓட்ட உதவும். வழக்கு நடத்த, வண்டிகள் வாங்க, அது போதாது. வெளிப்பணம் வேண்டும்தான். மான்ட்கோமரியில் அந்தப் பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவு செய்தது தேவாலயத்தில் கூடிய அதே மக்களின் இயக்கம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1967இல் கிளீவ்லாந்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் மானியம் வாக்காளர் பதிவுக்குப் போனது. அந்த வருடம் கார்ல் ஸ்டோக்ஸ் மேயரானார், ஒரு பெரிய அமெரிக்க நகரத்தின் முதல் கறுப்பின மேயர். அதன் எதிரொலியாக 1969 வரிச் சட்டத்தில் விதி வந்துவிட்டது: அறக்கட்டளை வாக்காளர் பதிவுக்குக் கொடுக்கும் பணம் குறைந்தது ஐந்து மாநிலங்களில் இயங்கும் அமைப்புக்கே போக வேண்டும். ஒரே ஊரில் ஆழமாக வேலை செய்யும் குழுவுக்கு, வாசலிலேயே பூட்டு.

இந்தப் பின்னணியோடு 2020க்கு வாருங்கள். நாட்டின் 50 பெரிய கம்பெனிகள் அறிவித்த தொகையை அடுத்த வருடம் வாஷிங்டன் போஸ்ட் கூட்டிப் பார்த்தது: 4,950 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடன், முதலீடு. அதாவது கொடுப்பவருக்கே லாபம் வரக்கூடியவை. குற்றவியல் நீதிச் சீர்திருத்த அமைப்புகளுக்கு என்று போனது சுமார் 7 கோடி. மக்கள் தெருவுக்கு வந்ததே போலீஸைப் பற்றிப் பேசத்தான்.

அதே கோடையில் தெற்கில் நான்கு அமைப்புகள் சேர்ந்து சதர்ன் பவர் ஃபண்டு என்ற கூட்டு நிதியைத் தொடங்கின. ப்ராஜெக்ட் சவுத், ஆல்டர்னேட் ரூட்ஸ், சதர்னர்ஸ் ஆன் நியூ கிரவுண்ட் மூன்றும் அட்லாண்டாவோடு நெருங்கியவை. நான்காவது ஹைலேண்டர். ஆமாம், 1961இல் மாணவர்கள் சண்டை போட்ட அதே பள்ளியின் வாரிசு. 2019இல் அதன் அலுவலகத்தைத் தீ எரித்தது. வாகன நிறுத்தத்தில் வெள்ளை இனவாதிகளின் குறி கிறுக்கப்பட்டிருந்தது. இந்த நிதியில் விண்ணப்பப் படிவம் கிடையாது. பல வருடமாகக் கூட வேலை செய்தவர்களுக்கு யாரை நம்பலாம் என்று தெரியும், அந்த நம்பிக்கையில் பணம் போனது. 1963இல் ஸ்னிக்குக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் தலைமையில் கறுப்பர் இருந்தால் போதும் என்பதும் சரிவராது. பிரான்டனும் கறுப்பர்தான். 2020இல் பிளாக் லைவ்ஸ் மேட்டரின் தேசிய அறக்கட்டளைக்கு 9 கோடி டாலர் வந்தது. அந்த வருடக் கடைசியில் பத்துக் கிளைகள் ஒன்றாக அறிக்கை விட்டன: எங்களுக்குப் பணமும் வரவில்லை, கணக்கும் தெரியவில்லை. ஊரில் வேலை செய்கிறவர் மேலே போய்க் கணக்குக் கேட்க ஒரு வழி இருக்கிறதா, இல்லையா? எந்தக் கூட்டு நிதியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். இணையதளத்தில் இருக்கும் முகங்களின் நிறத்தை அல்ல.

இப்போது வழக்குக் காலம். அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்டு இயக்கங்களுக்கானதல்ல, தொழில் முதலீட்டு நிறுவனம். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியப் போட்டி நடத்தியது. இன அடிப்படையில் சலுகை கூடாது என்று வழக்கு நடத்தும் எட்வர்ட் பிளமின் அமைப்பு 2023இல் வழக்குப் போட்டது. ஆதாரமாகக் காட்டியது 1866 சிவில் உரிமைச் சட்டத்தை. விடுதலையான அடிமைகள் மற்றவர்களைப் போல ஒப்பந்தம் செய்துகொள்ள உரிமை வேண்டும் என்று எழுதிய சட்டம் அது! 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்டிக்குத் தடை போட்டது. செப்டம்பரில் சமரசமாகி மானியம் நின்றது. இயக்கங்களுக்கான கூட்டு நிதிகளும் கூர்ந்து படித்த தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பில் முக்கியமான கண்ணி, போட்டி ஓர் ஒப்பந்தம் என்பது. கலந்துகொள்பவர் தன் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அனுமதி தருகிறார், நிதி பணம் தருகிறது, ஆகவே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பதிலுக்கு எதுவும் கேட்காமல் கொடுத்தால் அது ஒப்பந்தமல்ல, வெறும் நன்கொடை, இந்தச் சட்டம் அதைத் தொடுவது கடினம் என்று வாதிடும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நிபந்தனை போடாதீர்கள், கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள் என்று களத்தில் இருப்பவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்த விஷயம், இப்போது வக்கீல் ஆலோசனையாக அறக்கட்டளைகளின் மேசைக்கு வருகிறது.